காரைக்குடியில் கவுனி முதல் செண்டோல் வரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளியூரிலிருந்து செட்டிநாட்டுக்கு வருகிறவர்களும், சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் சில ஆண்டுகள் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. செட்டிநாடு என்று இங்கே சொல்வது காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் வட்டாரத்தை.

காரைக்குடியில் ஆசிய இனிப்புகள் என்று தேடினால் எதுவுமே அகப்படவில்லையே?

பெயர்ப்பலகையைப் பார்த்துத் தேடினால் அகப்படாது. தாய்லாந்து உணவகம், ஜப்பானியப் பேக்கரி என்று தனியாகக் கடை வைக்கும் அளவுக்கு இது பெருநகரம் அல்ல. மாநகராட்சி ஆனதே 2024இல்தான். ஆனால் தென்கிழக்கு ஆசியாவின் இனிப்பு என்பது பெரும்பாலும் நான்கு பொருள்களுக்குள் அடங்குவது: அரிசி, தேங்காய், பனை அல்லது தென்னையின் வெல்லம், ஏதாவது ஒரு கூழ்மம் (ஜவ்வரிசி, கடல்பாசி போல வழுவழுப்பாகக் கெட்டியாவது). இந்த நான்கும் இல்லாத பலசரக்குக் கடை இந்த வட்டாரத்தில் இல்லை. அதனால் தேட வேண்டிய இடங்கள் மூன்று: முன்கூட்டிச் சொன்னால் சமைத்துத் தரும் வீடுகளும் விடுதிகளும், பலகாரக் கடைகள், பலசரக்குக் கடையும் நாட்டு மருந்துக் கடையும். உணவகத்தின் உணவுப்பட்டியல் கடைசியில்தான் வரும்.

செட்டிநாட்டு உணவகம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கே கவுனி அரிசி கேட்டால் விழிக்கிறார்கள். ஏன்?

அந்தப் பெயர் வைத்த உணவகங்களில் பல, கோழியையும் மிளகையும் நம்பி நடப்பவை. மதியச் சாப்பாட்டோடு ஒரு கரண்டி பாயசம், அதற்குமேல் இனிப்பைப் பற்றி அங்கே யாரும் யோசிப்பதில்லை. கருப்பு ஒட்டரிசியை வேகவைத்துச் சர்க்கரையும் தேங்காயும் சேர்க்கும் கவுனி, அப்படி நினைத்த மாத்திரத்தில் வருகிற பண்டமும் அல்ல. முதல் நாள் இரவே ஊறப்போட வேண்டும். நான்கு பேர் கேட்பார்களா, நாற்பது பேர் கேட்பார்களா என்று தெரியாமல் எந்த உணவகமும் அரிசியை ஊறவைக்காது. கல்யாண வீட்டில் காலைப் பந்தியில் கவுனி தவறாமல் இருப்பதற்குக் காரணம், அங்கே தலைக்கணக்கு முன்னதாகவே தெரியும் என்பதுதான்.

ஆகவே முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். காரைக்குடியில் ‘தி பங்களா’ போல வாழையிலைச் சாப்பாட்டுக்கு முன்பதிவு கேட்கும் விடுதிகள் உண்டு. கானாடுகாத்தானிலும் பழைய வீடுகளைத் தங்கும் விடுதிகளாக மாற்றியிருக்கிறார்கள். பதிவு செய்யும்போதே “இனிப்புக்குக் கவுனியோ பால் பணியாரமோ செய்து தர முடியுமா?” என்று கேளுங்கள். சாப்பிட உட்கார்ந்த பிறகு கேட்டால் ஐஸ்கிரீம்தான் வரும். வீட்டிலிருந்தபடி சமைத்துக் கொடுக்கும் ஆச்சிமார்களும் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களை விளம்பரத்தில் தேட வேண்டாம், தங்கும் வீட்டில் விசாரித்தாலே போதும். “ஆச்சி, நாளை மதியம் எட்டுப் பேருக்குக் கவுனி வேண்டும்” என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பேர்க்கணக்கு சொல்லாமல் “கொஞ்சம் வேண்டும்” என்பவர்களைச் சமைப்பவர்களுக்குப் பிடிக்காது. அதில் நியாயம் இருக்கிறது.

கவுனி அரிசி பர்மாவிலிருந்து வந்தது என்கிறார்களே, சரிதானா?

செட்டிநாட்டு வீடுகளில் வழிவழியாகச் சொல்லப்படுவது அதுதான். அதை நம்புவதற்குப் போதிய சூழலும் இருக்கிறது. 1852இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐரோப்பாவுக்கு அரிசி ஏற்றுமதி பெருகவே, ஐராவதி டெல்டாவில் காட்டைத் திருத்தி வயலாக்கிய விவசாயிகளுக்குக் கடன் தேவைப்பட்டது. கொடுத்தவர்கள் செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தார். 1930களின் பெருமந்தத்தில் அரிசி விலை சரிந்து கடன்கள் திரும்பாமல் போகவே, கீழ்ப் பர்மாவின் நெல் நிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அவர்கள் கையில் வந்து சேர்ந்தது. 1942இல் ஜப்பானியப் படை நுழைந்ததும் பலர் நடந்தே இந்தியா வந்தார்கள். இவ்வளவு காலம் அரிசியோடு புழங்கியவர்கள் அந்த நாட்டின் ஒட்டரிசிச் சுவையைத் தங்கள் அடுப்புக்குக் கொண்டுவந்ததில் வியப்பில்லை.

பர்மாவில் கருப்பு ஒட்டரிசியை வேகவைத்துத் தேங்காய்த் துருவலும் எள்ளும் உப்பும் சேர்த்துக் காலையில் சாப்பிடுவார்கள். மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் அதே வகை அரிசி, வெல்லமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து ‘புலுட் ஹித்தாம்’ கஞ்சியாகிறது. செட்டிநாட்டில் சர்க்கரை, தேங்காய்த் துருவல், நெய், ஏலக்காய். மூன்றையும் சாப்பிட்டவர்களுக்கு உறவு நாக்கிலேயே தெரிந்துவிடும். எனக்குப் பிடித்தது நம்முடையதுதான், நெய்யின் காரணமாக. இதில் நடுநிலை பேச நான் தயாரில்லை.

கவுனி வாங்கிச் செய்தேன், வேகவே இல்லை. அரிசி போலியா?

போலியாக இருக்க வேண்டிய அவசியமில்லை, ஊறியது போதாமல் இருந்திருக்கும். கவுனி தவிடு நீக்காத அரிசி, தோல் கெட்டி. எட்டு மணி நேரமாவது ஊற வேண்டும். ஒரு கப் அரிசிக்கு மூன்று கப் தண்ணீர். ஊறிய தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே வேகவிடுங்கள். நிறமும் மணமும் அதில்தான் இறங்கியிருக்கும். குக்கரில் ஏழெட்டு விசில் வரட்டும், பிறகு ஆவி தானாக அடங்கட்டும். நகத்தால் நசுக்கினால் குழைய வேண்டும். சர்க்கரையை அதற்குப் பிறகுதான் சேர்க்க வேண்டும். அரைவேக்காட்டில் சர்க்கரை போட்டால் அரிசி விறைத்துக்கொள்ளும். அதன்பின் எவ்வளவு நேரம் அடுப்பில் வைத்தாலும் இளகாது. தேங்காயும் நெய்யும் இறக்கும்போது சேர்த்தால் போதும்.

தண்ணீர் ஊதாவாக மாறுவதைப் பார்த்துச் சாயம் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. நாவல் பழத்தில் இருக்கும் ஆந்தோசயனின் நிறமிதான் இந்தத் தவிட்டிலும் இருக்கிறது, தண்ணீரில் கரைவது அதன் இயல்பு. கடையில் ‘கருப்பு கவுனி’ என்று கேட்டு வாங்குங்கள். வெறுமனே கருப்பு அரிசி என்று கேட்டால் ஒட்டும் தன்மை குறைந்த வேறு ரகம் கைக்கு வரலாம். பாரம்பரிய அரிசி விற்கும் கடைகள் இப்போது காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் இருக்கின்றன.

மலேசிய முறையில் வேண்டுமென்றால் தண்ணீரை இரட்டிப்பாக்கிக் கஞ்சிப் பதத்துக்கு வேகவைத்து, சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டிப் பாகு ஊற்றி, மேலே ஒரு சிட்டிகை உப்புப் போட்ட முதல் தேங்காய்ப்பாலை விடுங்கள். உப்பை மறந்துவிட்டால் சாப்பாடு வேறாகிவிடும்.

கருப்பு அரிசி என்பதால் சர்க்கரை நோயாளிகள் கவுனி சாப்பிடலாமா?

அரிசியின் தவிட்டில் நல்லது இருக்கலாம். ஆனால் கல்யாணப் பந்திக் கவுனியில் சேரும் சர்க்கரையின் அளவைப் பார்த்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். அது இனிப்பு. இனிப்புக்கு உங்கள் மருத்துவர் வைத்த எல்லை அதற்கும் பொருந்தும்.

ரங்கூன் புட்டு என்பது என்ன? எங்கே கிடைக்கும்?

ரவையை வறுத்து, வெந்த பாசிப்பருப்பு, வெல்லப்பாகு, தேங்காய், நெய் சேர்த்து உதிரியாகக் கிளறுவது. பெயரில்தான் ரங்கூன். பர்மாவிலும் ரவையைத் தேங்காய்ப்பாலில் கிளறி, கசகசா தூவிச் சுட்டெடுக்கும் ஒரு கேக் உண்டு. இரண்டும் அடுத்தடுத்த வீட்டுப் பிள்ளைகளைப் போல இருக்கும். கடையில் தயாராகக் கிடைப்பது அரிது. கவுனியைப் போலவே சொல்லிவைத்துத்தான் பெற வேண்டும். ஆனால் முக்கால் மணி நேர வேலைதான் என்பதால் அதே நாளில்கூடச் சம்மதிப்பார்கள்.

பலகாரக் கடையில் என்ன வாங்கலாம்? எத்தனை நாள் தாங்கும்?

காரைக்குடியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் கிலோக் கணக்கில் எடுத்துத் தரும் செட்டிநாட்டுப் பலகாரக் கடைகள் இருக்கின்றன. தேன்குழல், கைமுறுக்கு, சீப்புச் சீடை, அதிரசம், மாவுருண்டை, மனகோலம் இவையெல்லாம் பயணத்துக்கு உகந்தவை. மனகோலம் பலருக்குத் தெரியாது: பருப்புமாவும் அரிசிமாவும் கலந்து முறுக்குப் போலப் பிழிந்து ஒடித்து, வெல்லப்பாகில் புரட்டி, தேங்காய்ப் பல்லும் பொட்டுக்கடலையும் சேர்த்தது. சீனக் கடைகளிலும் பொரித்த மாவுக் குச்சிகளைப் பாகில் புரட்டி வில்லையாக வெட்டி விற்பார்கள், ‘சாச்சிமா’ என்று. அதைத் தேடிக் கொண்டிருப்பவருக்கு மனகோலம் ஒரு கைப்பிடி போதும், தேடலை நிறுத்திவிடுவார்.

ஈரப் பலகாரம் வேறு கணக்கு. பால் பணியாரம், கந்தரப்பம், இனிப்புச் சீயம், பால்கொழுக்கட்டை ஆகியவற்றைச் செய்த அன்றே சாப்பிட்டுவிட வேண்டும். தேங்காயும் பூரணமும் சேர்ந்த எதுவும் சித்திரை வெயிலில் மறுநாள் காலை வரை தாக்குப்பிடிக்காது. பால்கொழுக்கட்டையைத் தாய்லாந்துக்காரர் ஒருவரிடம் கொடுத்தால் தங்கள் ‘புவா லாய்’ என்றுதான் சொல்வார்: அங்கே ஒட்டரிசி மாவு உருண்டை, இங்கே பச்சரிசி மாவு உருண்டை, இரண்டிலும் தேங்காய்ப்பால்.

உதிரியாக விற்கும் இனிப்புத் தட்டுகளில் எந்தத் தேதிக்குள் உண்ண வேண்டும் என்று எழுதிவைக்க வேண்டும் என்பது 2020 அக்டோபர் 1 முதல் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உத்தரவு. எழுதியிருந்தால் பாருங்கள், எழுதவில்லையென்றால் கேளுங்கள். அதிரசத்தை மட்டும் தேதி பார்த்து வாங்க வேண்டாம், விரலால் அழுத்திப் பாருங்கள். எண்ணெய் பிசுபிசுவென்று விரலில் ஒட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

ஆடி மாதம் வந்தால் கும்மாயம் கேளுங்கள். உளுந்தும் பாசிப்பருப்பும் பச்சரிசியும் வறுத்து அரைத்த மாவை, கருப்பட்டியும் வெல்லமும் கரைத்த தண்ணீரில் நெய் விட்டுக் கிளறுவது. மற்ற மாதங்களில் ‘கும்மாய மாவு’ பொட்டலமாகவே கிடைக்கிறது. வாங்கிப் போய் வீட்டில் கிளறிக்கொள்ளலாம். இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் ஊருக்கு எடுத்துப்போகச் சொன்னால் நான் அதைத்தான் சொல்வேன்.

பேக்கரிகளில்?

தேங்காய் பன், தில்பசந்த், ரஸ்க், ஜாம் தடவித் தேங்காய் தூவிய தேன் கேக். நல்லவைதான். ஆனால் ஆசிய இனிப்பு தேடி பேக்கரிக்குப் போக வேண்டியதில்லை.

ஜிகர்தண்டாவும் பலூடாவும் ஆசிய இனிப்பில் சேருமா?

சேராமல் என்ன? பலூடாவின் மூதாதை பாரசீகத்து பலூதே. ஜிகர்தண்டா மதுரைக்காரர்களின் சொத்து, 90 கி.மீ. தள்ளியிருக்கும் காரைக்குடியிலும் தாராளமாகக் கிடைக்கிறது. பாதாம் பிசினும் சப்ஜா விதையும் நாட்டு மருந்துக் கடையில் வாங்கி வீட்டில் செய்தால் செலவும் குறைவு, சர்க்கரையும் உங்கள் கையில். பாதாம் பிசினை இரவே ஊறவையுங்கள். இரண்டு துண்டு போதும், விடிவதற்குள் கிண்ணம் நிறைய உப்பியிருக்கும். முதல் தடவை செய்கிறவர்கள் கைநிறைய அள்ளிப் போட்டுவிட்டு அண்டாவைத் தேடுவார்கள்.

செண்டோல், சாகோ குலா மலாக்கா போன்றவற்றுக்கு இங்கே பொருள் கிடைக்குமா?

செண்டோல் என்பது பச்சை நிற மாவு இழைகளைத் தேங்காய்ப்பாலிலும் வெல்லப்பாகிலும் போட்டுச் சாப்பிடும் மலேசிய இனிப்பு; சாகோ குலா மலாக்கா அதே பாகும் பாலும் ஊற்றிய ஜவ்வரிசி. ஒன்றைத் தவிர எல்லாம் கிடைக்கும். குலா மலாக்கா என்பது தென்னம்பாளையில் இறக்கிய பதநீரைக் காய்ச்சியெடுத்த வெல்லம். அதற்கு இணையாக நம் பனங்கருப்பட்டியைப் பயன்படுத்தலாம். கருப்பட்டியில் கருமையும் லேசான கரிப்பும் கூடுதல். ராமநாதபுரம் மாவட்டத்துச் சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி கிடைத்தால் விடாதீர்கள். கரைத்ததும் கட்டாயம் வடிகட்டுங்கள், அடியில் மண் நிற்கும்.

ஜவ்வரிசிக்கு ஒரு கதை உண்டு. மலாயாவில் அதைச் சாகோ பனையின் தண்டிலிருந்து எடுத்தார்கள். இரண்டாம் உலகப்போரில் கப்பல் நின்று இறக்குமதி தடைப்பட்டபோது, 1940களில் சேலத்தில் மரவள்ளிக் கிழங்கு மாவிலிருந்து செய்யத் தொடங்கினார்கள். இன்று நாம் வாங்குவது அந்தச் சேலத்து ஜவ்வரிசி. சாகோ குலா மலாக்காவுக்குத் தாராளமாகப் போதும்: ஜவ்வரிசியைக் கொதிக்கும் தண்ணீரில் கண்ணாடிபோல் ஆகும்வரை வேகவைத்து, வடிகட்டிக் குளிர்ந்த தண்ணீரில் அலசி, சின்னக் கிண்ணங்களில் ஆறவைத்துக் கவிழ்த்து, கருப்பட்டிப் பாகும் தேங்காய்ப்பாலும் ஊற்றிவிடுங்கள்.

செண்டோலின் பச்சை இழைக்கு மலேசியாவில் தனி அச்சு விற்கிறார்கள். இங்கே ஒவ்வொரு வீட்டிலும் முறுக்கு உரல் இருக்கிறது, அதில் ஓமப்பொடி அச்சுக்கு அடுத்த பெரிய கண் அச்சைப் போட்டால் வேலை முடிந்தது. அரிசிமாவோடு கொஞ்சம் சோளமாவு (கார்ன் ஃப்ளார்) சேர்த்துத் தண்ணீரில் கரைத்து, கை விடாமல் கிளறிப் பளபளப்பான கூழாக்கி, சூடாக இருக்கும்போதே ஐஸ் தண்ணீருக்குள் பிழியுங்கள். ஆறிய மாவைப் பிழிந்தால் அச்சு அடைத்துக்கொள்ளும்.

கிடைக்காத அந்த ஒன்று, செண்டோலுக்குப் பச்சை நிறமும் மணமும் தரும் ரம்பை இலை. இலங்கைத் தமிழர்கள் கறிக்கும் சோற்றுக்கும் போடுவார்களே, அதுதான் மலேசியர்களின் பாண்டான். காய்கறிச் சந்தையில் கேட்டுப் பயனில்லை. நர்சரியில் செடியாக வாங்கித் தொட்டியில் வைத்துவிடுங்கள். நிழலும் ஈரமும் இருந்தால் பக்கக் கன்று விட்டு வளரும். தாழை இதன் உறவுதான், ஆனால் தாழை மடலைப் போட்டு அரைக்கலாமா என்று கேட்காதீர்கள். பச்சை எசன்ஸ் புட்டிகளையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அவற்றில் நிறம்தான் அதிகம். இலை இல்லையென்றால் ஏலக்காய் போட்டு, நிறத்தை மறந்துவிடுங்கள்.

சைவம் உண்பவர்கள் இறக்குமதி ஜெல்லிகளை வாங்கலாமா?

உறையில் பச்சை வட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். பழுப்பு முக்கோணம் என்றால் அசைவம். முட்டை மட்டும் சேர்ந்திருந்தாலும் இந்திய விதிப்படி அசைவக் குறிதான் வரும். இறக்குமதியாளரின் பெயரும் உரிம எண்ணும் ஒட்டப்படாத பொட்டலமாக இருந்தால், யாரோ பெட்டியில் கொண்டுவந்து கொடுத்தது என்று பொருள். அதில் எந்தக் குறியும் இருக்காது. ஜெலட்டின் விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுப்பது. சீன நிலாக் கேக்கின் மாவில் பன்றிக் கொழுப்பு சேர்க்கும் வழக்கமும் உண்டு. சின்னக் கோப்பைகளில் வரும் கொன்ஜாக் (ஒரு கிழங்கின் மாவு) ஜெல்லியைச் சிறு குழந்தைகளுக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். தொண்டையில் சிக்கினால் கரையாது.

இதற்கெல்லாம் மாற்றாக எளிய வழி ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது: கடல்பாசி, அதாவது அகர். கடையில் சைனா கிராஸ் என்றாலும் எடுத்துத் தருவார்கள். மன்னார் வளைகுடாவில் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் அரித்தெடுத்து அகர் தயாரிக்க அனுப்புகிறார்கள். ரமலான் மாதத்தில் முஸ்லிம் வீடுகளில் நோன்பு திறக்கும்போது கடல்பாசி இல்லாமல் இருக்காது. 10 கிராம் இழைக்குச் சுமார் முக்கால் லிட்டர் பாலோ இளநீரோ போதும். இழையைத் தண்ணீரில் தனியாகக் கொதிக்கவைத்து முழுதும் கரைத்த பிறகே பாலில் சேர்க்க வேண்டும், நேரே பாலில் போட்டால் திப்பிதிப்பியாக நிற்கும். ஜெலட்டின் நம் ஊர் வெயிலில் மேசையிலேயே உருகிவிடும். அகர் சுமார் 85 டிகிரி செல்சியஸ் வரை அசையாது. கத்தரி வெயிலில் விருந்து வைக்கிறவர்களுக்கு வேறென்ன வேண்டும்? பச்சை அன்னாசித் துண்டு போட்டாலும் அகர் உறையும், ஜெலட்டின் உறையாது.

வட்டலப்பம், தொதல் எங்கே தேடுவது?

கீழக்கரையில். ராமநாதபுரத்திலிருந்து சுமார் 17 கி.மீ. அரிசிமாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி மூன்றையும் மணிக்கணக்கில் கிண்டி எடுக்கும் தொதல் அங்கே கடைகளிலேயே விற்பனைக்கு இருக்கும். மலேசியாவின் டோடோல்தான் இது. கடல் வணிகத்தின் தடம். வாங்கும்போது நெய்யோ எண்ணெயோ மிதக்காத, கத்தி வைத்தால் இழுபடாமல் வெட்டுப்படும் தொதலாகப் பாருங்கள். தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்து ஆவியில் வேகவைக்கும் வட்டலப்பத்தில் முட்டை உண்டு. அது கடைப் பண்டம் என்பதைவிட வீட்டுப் பண்டம்; பெருநாளுக்கு அழைக்கும் நண்பர்கள் இருந்தால் கிடைக்கும்.

மோச்சி வேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடிக்கிறார்கள்.

இதற்கு இங்கே குறுக்குவழி இல்லை. ஜப்பானிய மாவுருண்டையான மோச்சியின் இழுவைக்குக் காரணம் ஒட்டரிசி. அதன் மாவுச்சத்தில் அமைலோஸ் மிகக் குறைவு, கிட்டத்தட்ட முழுதும் ஒட்டும் வகையான அமைலோபெக்டின். இடியாப்ப மாவில் மோச்சி செய்தால் கொழுக்கட்டைதான் வரும். கவுனியை மாவாக்கிச் செய்து பார்க்கலாம். ஓரளவு ஒட்டும், தவிடு நறநறக்கும். ஒட்டரிசி மாவை இணையத்தில் வரவழைப்பதுதான் வழி. குளூட்டினஸ் என்று உறையில் எழுதியிருப்பதைப் பார்த்துக் கோதுமைப் புரதம் என்று ஒதுக்கிவிடாதீர்கள், அது ஒட்டும் தன்மையைக் குறிப்பது மட்டுமே.

உறவினர் சிங்கப்பூரிலிருந்து வருகிறார். எதைக் கொண்டுவரச் சொல்லலாம்?

திருச்சிக்கும் மதுரைக்கும் சிங்கப்பூரிலிருந்து நேரடி விமானம் உண்டு, இரண்டும் காரைக்குடிக்குச் சுமார் 90 கி.மீ. என்பதால் இந்தக் கேள்வி இங்கே அடிக்கடி எழுகிறது. ஒட்டரிசி மாவு, நல்ல குலா மலாக்கா, உறையிட்ட கேக் வகைகள் கேளுங்கள். செடி, விதை, பழம், பச்சை இலை வேண்டாம். தாவரத் தொற்றுத்தடுப்பு விதிகளின்படி விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள். தேங்காய்ப்பாலும் முட்டையும் சேர்ந்த காயா ஜாம் புட்டியைக் கைப்பையில் வைத்தால் 100 மில்லிலிட்டர் வரம்பில் மாட்டிக்கொள்ளும், பெரிய பெட்டிக்குள் துணியில் சுற்றி வைக்கச் சொல்லுங்கள். துரியன் எப்படியும் விமானத்தில் ஏறாது. நீலகிரி அடிவாரத்தில் கல்லாறு, பர்லியாறு பண்ணைகளில் அதற்கென்று ஒரு பருவம் உண்டு, அதுவரை பொறுத்திருக்க வேண்டியதுதான்.